அரிசிக்கடையில் காணாமல் போன ஒரு கிலோக் கல்

தராசுக்காரர் கடைத்தெருவின் எல்லாத் தராசுகளையும் கெடுத்து வைத்திருக்கிறார் என்று ஒரு செய்தி உலவிக்கொண்டிருந்தது. மகள் செத்ததிலிருந்து மனுஷனுக்கு மண்டை குழம்பிவிட்டது, ரிப்பேருக்கு வருகிற ஒவ்வொரு தராசிலும் ஏதோ ஒரு திருகைத் தளர்த்தி அனுப்புகிறார், நான் ஏமாந்த மாதிரி ஊரே ஏமாறட்டும் என்று கறுவிக்கொண்டிருக்கிறார். இது செய்தியின் முழு வடிவம். சுருக்கமான வடிவம், “தக்காளி குறையுதுக்கா.”

இதை நம்ப எல்லாருக்கும் ஆசையாக இருந்தது. வியாபாரிகளுக்குப் பழி போட ஓர் ஆள் கிடைத்துவிட்டார். வாங்குகிறவர்களுக்கோ, இத்தனை வருஷம் நாம் ஏமாறவே இல்லை, இந்த மாதம்தான் ஆரம்பித்திருக்கிறோம் என்று ஒரு நிம்மதி.

என் வீட்டில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி உண்டு. ஒயர் எலி கடித்துப் போய்விட்டது. கனம் மட்டும் அப்படியே இருக்கிறது. அழுகாது, உருகாது, வழியில் யாரும் ஒரு வாய் கேட்க மாட்டார்கள். அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறினேன்.

“இதைக் கொஞ்சம் எடை போடுங்க.”

காய்கறிக்கார அம்மா பைக்குள் எட்டிப் பார்த்தார். “இது என்ன காய் தம்பி? எங்க விளையுது?”

மீன்காரர் தட்டில் வைத்துவிட்டு, “செதில் எடுத்துத் தரவா?” என்றார். ஆணிக்கடைக்காரர் மட்டும்தான் எதுவும் கேட்காமல் எடை போட்டார். ஆணி வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கோபத்தில்தான் வருகிறார்களாம், அவருக்குப் பழக்கம்.

எல்லாக் கடையிலும் ஒரே எடை. முள் ஒரு மயிரிழை அப்படி இப்படி இல்லை. பழைய பேப்பர் கடையில்கூடச் சரியாகக் காட்டியது. அந்தக் கடைத் தராசு என்றைக்கும் காற்றை மட்டும் தனியாகக் கழித்துவிட்டு எடை சொல்லும் என்று பேர். பேப்பர்காரருக்கே கொஞ்சம் சங்கடமாகப் போய்விட்டது.

“அவர் கை வச்சா அது இப்படித்தான் சார், நம்ம பேச்சையே கேக்காது. ஒரு வாரம் ஆகும் எனக்கு அதை மறுபடி வழிக்குக் கொண்டுவர.”

ஆக வதந்தி பொய். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கடைசியில் ஒரு கடை மிச்சமிருந்தது: அரிசிக்கடை. அரிசிக்கடைக்காரர் தராசுக்காரருடைய மனைவியின் தம்பி. பழைய காலத்துத் தொங்கு தராசு, இரும்புக் கற்கள். இஸ்திரிப் பெட்டியை ஒரு தட்டில் வைத்தார். மறுதட்டில் ஓர் அரைக்கிலோக் கல்லை வைத்தார். இன்னோர் அரைக்கிலோவைத் தேடி எடுத்து வைத்தார். பிறகு சில்லறைக் கற்கள். தராசு ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டே நின்றது.

“ஒரு கிலோக் கல் இல்லையா?”

“வெளியே போயிருக்கு.”

“கல் எங்கங்க போகும்?”

அவர் சில்லறைக் கற்களை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பின்னால் நின்ற பெண்மணிதான் சொன்னார்: “இந்தத் தராசும் கெட்டுத்தான் கிடக்கு. கேட்டா, அத்தான் எல்லாத் தராசையும் கெடுக்கறார், அதான் அவர்கிட்ட குடுக்கலன்னு இவரே சொல்றார்.”

வதந்தியின் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டேன் என்று புரிந்தது. கூட்டம் குறைந்ததும் கேட்டேன். மறைக்கவில்லை. “அவர் என் தராசைத் தொட மாட்டேங்கறார் சார். ஏன் ரிப்பேர் பண்ணலன்னு ஜனம் கேக்குது. குடும்ப விஷயம்னு சொல்ல முடியுமா? வாயில வந்ததைச் சொன்னேன். அது இவ்வளவு தூரம் நடக்கும்னு நான் என்ன கண்டேன்?”

தராசுக்காரரிடம் போனேன்.

அவர் கடை ஒரே அறை. பின்பக்கக் கதவைத் திறந்தால் வீடு. சுவரெல்லாம் ஆணியடித்துத் தொங்கும் தராசுக் கோல்கள். தரையில் மூட்டை நிறுக்கிற மேடைகள். மூலையில் ஆள் நிற்கிற பெரிய எடைமேடை, அதன் மேல் ஒரு கோணிச் சாக்கு போர்த்தியிருந்தது. மேஜையில் சோதனைக் கற்களின் மரப்பெட்டி. உள்ளே வெல்வெட் குழிகள், குழிக்கு ஒரு பித்தளைக் கல். அந்தக் கற்களை அவர் விரலால் தொடுவதில்லை. மெல்லிய துணி வைத்துத்தான் எடுப்பார். வியர்வைக்கும் எடை உண்டாம்.

“அந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டுத் தெருவெல்லாம் சுத்தினீங்களாமே,” என்றார். “குடுங்க பாப்போம்.” வாங்கி, தட்டில் வைக்காமல் கையிலேயே ஒரு தடவை ஏற்றி இறக்கினார். எடையைச் சொன்னார். எல்லாக் கடையிலும் சொன்ன அதே எடை. “சரியாத்தானே சொன்னாங்க எல்லாரும்?”

“எல்லாரும். உங்க மச்சினன் தவிர.”

“அவன் ஒரு தடவையாவது சரியாச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார். அப்புறம்தான் சொல்ல ஆரம்பித்தார். யாராவது வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தவர் போலத் தெரிந்தது. இத்தனை நாளில் கடைத்தெருவில் எல்லாரும் அவரைப் பற்றிப் பேசினார்களே ஒழிய, ஒருத்தரும் அவரிடம் கேட்கவில்லை.

கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண். இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து அவர் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். “அந்த ஸ்க்ரூவை எடுங்க, இந்தத் தட்டைத் துடைங்க” என்று உத்தரவு போடுவாள். அவர் “சரிங்க முதலாளி” என்பார். அதுவே பெயராகிவிட்டது. கடைத்தெருவுக்கே அவள் முதலாளி. மீன்காரர்கூட, “முதலாளி இல்லையா? அப்ப ஒரு கையெழுத்து வாங்க நாளைக்கு வரேன்” என்று விளையாடிவிட்டுப் போவார்.

ரத்தத்தில் கோளாறு என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர். வைத்தியத்தைப் பற்றி இவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒரே ஒரு வாக்கியம். டாக்டர் போகிற போக்கில் சொன்னது: “எடை குறையாம பாத்துக்குங்க. அது உங்க கையில இருக்கு.”

இப்படிப்பட்ட ஒரு சொல்லை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். தராசுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கடையைப் பாதி சாத்திவிட்டு, அந்தப் பெரிய மேடையில் மகளை நிறுத்தினார். நிறுத்துவதற்கு முன்னால் மேடையைச் சோதிப்பார். பெட்டியைத் திறந்து, துணியால் கல் எடுத்து, ஒவ்வொன்றாக வைத்து, முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். திருப்தியாகாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. “அப்பா, நான் பெரியவளாகி வந்து நிக்கட்டுமா?” என்பாள் முதலாளி.

எடை குறைந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி. அவர் கேட்க மாட்டார், யோசிக்க மாட்டார். முள் சொல்லிவிட்டது, கிளம்பு. அங்கே ஊசி, டியூப், கையில் நரம்பு தேடுவது. குழந்தைக்குத் தன் நரம்புகள் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பது நர்ஸ்களைவிட நன்றாகத் தெரிந்துபோயிற்று.

இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வார்டில் இருந்த எடை மெஷின் தப்பாகக் காட்டுவதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தால் சும்மா இருப்பாரா? பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மெஷினைக் கழற்றிவிட்டார். நர்ஸுகள் சுற்றி நின்று, “எங்க வீட்டு மிக்ஸியும் ஓடலைங்க, அதையும் பாக்கறீங்களா?” என்று கேலி பண்ணினார்கள்.

அந்த நேரத்தில்தான் டாக்டர் அவர் மனைவியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொன்னார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், ஊசி வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து, எத்தனை நாளோ அத்தனை நாள்.

இவர் மெஷினைச் சரிபண்ணிவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்தார். மனைவி சொன்னார்: “வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க.”

“நான் அதை நல்லதுன்னு எடுத்துக்கிட்டேன் சார்,” என்றார் தராசுக்காரர். “வீட்டுக்குப் போகச் சொன்னா நல்லதுன்னுதானே எடுத்துக்குவோம்?”

அதற்கப்புறம் எடை குறையவில்லை. ஒரு ஞாயிறு அப்படியே நின்றது. அடுத்த ஞாயிறு கொஞ்சம் ஏறியது. குழந்தை மெலிகிறாள் என்று கண் சொன்னது. ஆனால் அவர் கண்ணை நம்புகிற தொழிலில் இல்லை. “கண்ணு ஆயிரம் சொல்லும் சார். அதை நம்ப முடியாதுன்னுதானே தராசுன்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சான்?”

அந்த மாதங்களில் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகமானார்கள். தூரத்திலிருந்து அவருடைய அக்கா வந்து ஒரு வாரம் தங்கினார். பள்ளிக்கூட டீச்சர் வந்தார். என்றைக்கும் எட்டிப் பார்க்காத மாடிவீட்டுக்காரர் பொம்மையோடு வந்தார். எல்லாரும் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, இந்த வாரம் எவ்வளவு ஏறியிருக்கிறாள் என்று சொன்னார். “அப்படியா, ரொம்ப சந்தோஷம்” என்றார்கள். டீச்சர் மட்டும் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டு அவசரமாக எழுந்து போனார். டீ சரியில்லை போல என்று இவர் நினைத்துக்கொண்டாராம்.

“எல்லாரும் விடை குடுக்க வந்திருக்காங்க. நான் எல்லாருக்கும் எடை சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

வெளியூரில் ஒரு மில்லில் லாரி நிறுக்கிற மேடை பழுதாகிக் கிடந்தது. மாதக்கணக்காகத் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிறு எடை நன்றாக ஏறியிருந்ததால் ஒப்புக்கொண்டார். கிளம்பும்போது, “முதலாளி, வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்” என்றார். அவள் படுத்தபடியே, “சரி, லீவு குடுத்தாச்சு” என்றாள்.

திரும்பி வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. இவ்வளவு பேர் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்பதுதான் அவருக்கு முதலில் தோன்றியது. யாருக்கும் அதிர்ச்சி இல்லை. அழுகை இருந்தது, அதிர்ச்சி இல்லை. அவர் ஒருவர்தான் கத்தினார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, பிள்ளையின் துணிமணிகளை மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். பரணில் போடலாம் என்று தூக்கினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“சின்னப் பிள்ளைத் துணி இவ்வளவு கனக்காது சார்.”

அவிழ்த்தார். ஒரு உள்பாவாடையின் இடுப்புப் பட்டியில், உட்பக்கமாகப் பை வைத்துத் தைத்திருந்தது. மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறவர். அந்தக் கைத்தையலை அவருக்குத் தெரியும். பைக்குள் ஓர் இரும்புக் கல். ஒரு கிலோ. அடியில் முத்திரை. தான் சோதித்துச் சரியென்று ஒப்புக்கொண்ட கற்களில் மட்டும் அவர் அடிக்கிற சின்ன முத்திரை. பக்கத்தில் கடைக் குறி: மச்சினன் கடைக் கல்.

“என் பெட்டியிலேர்ந்து ஒரு கல்லு எடுத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். அது தெரிஞ்சுதான் அங்கேர்ந்து வாங்கியிருக்காங்க. சோதிச்சுப் பாத்தேன். சுத்தமான கல்லு. ஒரு குறை கிடையாது.”

நான் கேட்கத் தயங்கியதை அவரே எடுத்தார். “எப்படி ஏமாந்தேன்னு தானே யோசிக்கறீங்க? அவ அம்மாதான் தூக்கி மேடையில நிறுத்துவா. எடை போடறப்ப என் கை மேடைப் பக்கமே போகாது. கை பட்டா எடை மாறிடும். இந்தத் தொழில்ல முதல் பாடமே அதுதான். கையைப் பின்னால கட்டிக்கிட்டு முள்ளைப் பாக்கணும். நான் தராசைச் சோதிக்கறவன் சார், சரக்கைச் சோதிக்க மாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை, ஒரே ஒரு தடவை, நானே தூக்கி நிறுத்தியிருந்தா...”

அந்தக் கல்லோடு போய் மனைவியிடம், “இது யார் வேலை?” என்று கேட்டார்.

“என் வேலைதான்,” என்றார் மனைவி.

“ஏன்?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா? இன்னொரு ஆஸ்பத்திரி, இன்னொரு ஊசி.”

விட்டிருக்க மாட்டேன் என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். அதனால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. நியாயம் எதிராளி பக்கம் நின்றால் கோபத்துக்கு இன்னும் வசதியாகப் போய்விடுகிறது. அன்றைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. பின்கதவைத் திறந்து சாப்பாடு வரும். தட்டு திரும்பிப் போகும். “முதலாளி இல்லாத வீட்டுல இருந்துடலாம் சார். எனக்கு மட்டும் சொல்லாத வீட்டுல எப்படி இருக்கறது? இனிமே அவ அம்மா ‘மழை வருது’ன்னு சொன்னாக்கூட நான் வெளியே போய் கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் நம்புவேன்.”

அவருக்கு இன்னும் ஒன்று தெரிய வேண்டியிருந்தது. மற்றவர்கள் சேர்ந்து ஏமாற்றினார்கள், சரி. குழந்தைக்கு என்ன சொல்லி அந்தப் பையைக் கட்டினார்கள்? அவளுக்கு ஏதாவது தெரியுமா? “லீவு குடுத்தாச்சு” என்று ஏன் சொன்னாள்? மனைவி வாயைத் திறக்கவில்லை. மச்சினன் கண்ணில் படாமல் ஒதுங்கிப் போனான். இவர் அவன் தராசைத் தொட மறுத்தார். அவரிடம் வேறு ஆயுதம் இல்லை.

இந்த இடத்தில் வாசலில் நிழல் தட்டியது. அரிசிக்கடைக்காரர். கையில் தொங்கு தராசு, தோளில் கற்கள் இருந்த சாக்கு. நான் இங்கே வந்தது தெரிந்து, வதந்தி கிளப்பியது அவர்தான் என்று நான் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில் பின்னாலேயே வந்திருக்கிறார்.

“அத்தான்.”

“எடுத்துக்கிட்டுப் போ.”

“ஊர்ல என்னைக் கேக்கறாங்க அத்தான்.”

“அதுக்குத்தான் நீ ஒரு கதை கட்டி விட்டிருக்கியே. அதையே சொல்லு. கதை கட்டறது உங்க வீட்டுக்குக் கை வந்த வேலைதானே? அக்கா தைப்பா, தம்பி கட்டுவான்.”

“அக்காவைச் சொல்லாதீங்க.”

“ஏன்டா, உங்க அக்கா பண்ணின வேலைக்கு மாலை போடணுமா?”

“அக்கா கேக்கலை அத்தான்!” அரிசிக்கடைக்காரர் தோளிலிருந்த சாக்கைத் தொப்பென்று இறக்கினார். “என்கிட்ட வந்து கல்லு கேட்டது அக்கா இல்லை. முதலாளி.”

தராசுக்காரர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததும் கடைக்கு வந்தா. ‘மாமா, எடை குறைஞ்சா அப்பா ஊசிக்குக் கூட்டிட்டுப் போயிடுவார், ஒரு கல்லு குடு’ன்னா. நான் சிரிச்சேன். ‘அப்பா கண்டுபிடிச்சுடுவாரே’ன்னேன். ‘அப்பா தராசைத்தான் பாப்பார், என்னைப் பாக்க மாட்டார்’னா. அதுக்கப்புறம்தான் அக்காகிட்ட போய்ப் பை தைக்கச் சொல்லியிருக்கா. அக்கா அழுதுக்கிட்டே தைச்சிருக்கா. நான் குடுத்தேன் அத்தான். குடுத்தது நான்தான்.”

 பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. அதன் பின்னால் ஒரு புடவை நுனி தெரிந்தது, நகரவில்லை.

“முதல்ல எந்தக் கல்லு?” என்றார் தராசுக்காரர்.

“இருநூறு கிராம்.”

“எத்தனை வாரம்?”

சொன்னார்.

“அப்புறம்?”

“அரைக்கிலோ. கடைசியில ஒரு கிலோ.”

“ஒவ்வொரு தடவையும் அவளே கேட்டாளா?”

“அவளேதான். ‘இது பத்தலை மாமா, பெருசா குடு’ன்னு.”

தராசுக்காரரின் உதடுகள் மெல்ல அசைந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முள் எங்கே நின்றது என்பது அவருக்கு மனப்பாடம். கல்லின் எடையை அதிலிருந்து கழித்துக்கொண்டு வந்தார். இத்தனை மாதம் கழித்து அவருக்குத் தன் மகளின் எடை தெரிந்தது. கடைசி ஞாயிறு வந்தபோது உதடுகள் நின்றுவிட்டன. இரண்டு கைகளும் தாமாகப் போய் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டன.

“உங்க அக்கா ஏன் தன் வேலைன்னு சொன்னா?”

“நீங்க கேட்டீங்க. அவ ஆமான்னுட்டா. செத்துப்போன குழந்தை மேல நீங்க கோவப்பட்டுடக் கூடாதுன்னு.”

“ஓகோ,” என்றார். “என் கோவம் யார் மேல போகணும்னுகூட நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. அதையும் எனக்குச் சொல்லலை.”

புடவை நுனி உள்ளே போய்விட்டது. கதவு சாத்தப்படவில்லை, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மச்சினன் கையிலிருந்த தராசை வாங்கினார். வழியனுப்பவோ உட்காரச் சொல்லவோ இல்லை. கோலைக் கழற்றி, தேய்ந்த முனையைப் பார்த்து, “இதை வச்சா வியாபாரம் பண்ணினே? தூ” என்றார். அரத்தை எடுத்தார். சாக்கிலிருந்த கற்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, சோதித்து, முத்திரை அடித்து வரிசையாக வைத்தார். இருநூறு கிராம் கல் வந்தபோது அதை மட்டும் துணியில்லாமல் வெறும் கையில் எடுத்து, வெகுநேரம் வைத்திருந்தார். அரைக்கிலோவையும் அப்படியே.

“அத்தான், அந்த ஒரு கிலோ...” என்றார் அரிசிக்கடைக்காரர்.

“தரேன். போ.”

வதந்தி அந்த வாரமே செத்துவிட்டது. பழைய பேப்பர் கடைத் தராசு மறுபடி காற்றைக் கழிக்க ஆரம்பித்திருக்கிறது. நேற்று அரிசி வாங்கப் போனேன். கோல் நேராக நின்றது, முனை பளபளத்தது. ஒரு கிலோ கேட்டேன். அரிசிக்கடைக்காரர் ஓர் அரைக்கிலோக் கல்லை வைத்தார். குனிந்து இன்னோர் அரைக்கிலோவைத் தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

“இன்னும் தரலையா?”

“நான் கேக்கலை,” என்றார்.